குடும்ப ஜெபத்தை எங்கிருந்து தொடங்குவது? புதிய பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்க வேண்டும் என்ற ஆசை எல்லாக் கிறிஸ்தவப் பெற்றோருக்கும் உண்டு. எப்படி என்று கேட்டால் மட்டும் "ஜெபியுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதற்கு மேல் யாரும் சொல்வதில்லை. எத்தனை மணிக்கு உட்காருவது, ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்த அதிகாரத்தைத் திறப்பது, ஞானஸ்நானத்துக்கு என்னென்ன தாள்கள் வேண்டும், பிள்ளை வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் நாங்கள் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டோம். பெரியவர்களான பிறகு விசுவாசத்துக்கு வந்தவர்கள், அப்பா அம்மா வீட்டில் ஜெபித்துப் பார்த்தே இராதவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு முன்மாதிரி என்று யாரும் இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம்.

1. முதலில் பெரியவர்கள் பேசி முடிவெடுங்கள்

பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்கு முன்னால், கணவனும் மனைவியும் தனியாக அரைமணி நேரம் பேசிவிடுங்கள். தினமும் எந்த நேரம், யார் வாசிப்பது, ஒருவர் வீட்டில் இல்லாத நாளில் மற்றவர் நடத்துவாரா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்போது, எந்தச் சபை, இவ்வளவும் அந்தப் பேச்சில் வரவேண்டும். கடைசி இரண்டைத் தள்ளிப்போடாதீர்கள். இருவரும் வேறுவேறு சபைப் பின்னணியில் வந்தவர்கள் என்றால், குழந்தை பிறந்து உறவினர் எல்லாம் கூடியிருக்கும்போது அந்தப் பேச்சு வெடிக்கும், அப்போது நிதானமாக முடிவெடுக்கவே முடியாது.

துணைவர் விசுவாசி இல்லையென்றால்? அவரை வற்புறுத்தி உட்கார வைக்க வேண்டாம், அவருக்குத் தெரியாமல் ஒளித்தும் செய்ய வேண்டாம். "தூங்கப் போவதற்கு முன் பிள்ளையோடு ஐந்து நிமிடம் ஜெபிக்கப் போகிறேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர், விசுவாசம் அவனுக்கு வந்தது பாட்டி லோவிசாள் வழியாகவும் தாய் ஐனிக்கேயாள் வழியாகவும் என்றுதான் பவுல் எழுதுகிறார். தனியாக நிற்கிற தாய்மாருக்கு இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, நடந்த விஷயம்.

2. நேரத்தைக் குறையுங்கள், நாளை விடாதீர்கள்

பெரும்பாலான வீடுகளில் குடும்ப ஜெபம் நின்றுபோவதற்குக் காரணம் பக்திக் குறைவு இல்லை, நீளம். முதல் வாரம் உற்சாகத்தில் பாட்டு, ஒரு முழு அதிகாரம், விளக்கம், ஆளாளுக்கு ஜெபம் என்று முக்கால் மணி நேரம் ஓடும். இரண்டாம் வாரம் பிள்ளைகள் நெளிவார்கள், அப்பாவுக்குக் கோபம் வரும், மூன்றாம் வாரம் "இன்றைக்கு வேண்டாமே" என்று ஆகிவிடும்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஞாயிறு பள்ளி வாரம் ஒரு மணி நேரம் என்றால், ஒரு ஞாயிறுகூட விடாமல் போனாலும் வருடத்துக்கு 52 மணி நேரம். வீட்டில் தினம் 10 நிமிடம் உட்கார்ந்தால் வருடத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. "பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பது சபையின் வேலை" என்று நினைப்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

எங்கள் அனுபவத்தில் தாங்குகிற அளவு இது: 3 வயது வரை இரண்டு மூன்று நிமிடம், 4 முதல் 7 வரை ஐந்து நிமிடம், அதற்கு மேல் பத்து, பிள்ளைகளே பேச ஆரம்பித்தால் பதினைந்து. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் இருந்தால் கடைக்குட்டியின் அளவுக்கு முடித்து அனுப்பிவிட்டு, பெரியவனோடு இன்னும் ஐந்து நிமிடம் இருங்கள். நேரத்தை மணிக்கணக்கில் கட்டாமல் ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு கட்டுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும், அல்லது பல் தேய்த்துப் படுக்கைக்கு வந்ததும். இரவு எட்டு மணி என்று வைத்தால் எட்டேகாலுக்குமேல் அன்றைய ஜெபம் போயே போய்விடும். "படுக்கைக்கு வந்ததும்" என்று வைத்தால் எந்த நேரமானாலும் நடக்கும்.

அப்புறம், மோசமான நாளுக்கென்று ஒரு குறைந்தபட்சத்தை முன்பே முடிவுசெய்து வையுங்கள். காய்ச்சல், பயணம், சண்டை, களைப்பு எல்லாம் வரத்தான் செய்யும். 117-ஆம் சங்கீதம் இரண்டே வசனம்; வேதத்திலேயே மிகச் சிறிய அதிகாரம் அதுதான். அதை வாசித்து, கர்த்தருடைய ஜெபத்தை ("பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்குவது) சேர்ந்து சொன்னால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

எந்த மாதத்தில் தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்கு: கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட ஆகமன காலம், அல்லது ஈஸ்டருக்கு முன் ஞாயிறுகளை நீக்கி 40 நாள் வரும் லெந்து காலம். இரண்டுக்கும் ஒரு முடிவு நாள் இருக்கிறது. "என்றென்றைக்கும் தினமும்" என்பதைவிட "ஈஸ்டர் வரைக்கும்" என்றால் பிள்ளைகள் எளிதில் ஒத்துக்கொள்வார்கள், அதற்குள் பழகியும்விடும்.

3. எதை வாசிப்பது

ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் ஆரம்பித்து வரிசையாகப் போகாதீர்கள். பலி முறைகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமத்தில் நின்றுவிடுவீர்கள். மத்தேயுவிலும் ஆரம்பிக்க வேண்டாம், முதல் பக்கமே வம்சவரலாறு.

மாற்கு சுவிசேஷம் நான்கில் சிறியது, 16 அதிகாரம். நாளுக்கு ஏறத்தாழ பத்து வசனம் போனால் இரண்டு மாதம் சொச்சத்தில் முடியும். சம்பவங்கள் விறுவிறுவென்று நகரும், பிள்ளை நாளைக்கு என்ன என்று கேட்கும். அதற்குப் பிறகு யோனா, ரூத், இரண்டும் நான்கு நான்கு அதிகாரம்தான். யோனாவை நான் முக்கியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் புத்தகம் தேவன் கேட்கிற ஒரு கேள்வியோடு முடிந்துவிடுகிறது, யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதியில்லை. "நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?" என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பத்து வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு நீதிமொழிகள் பொருந்தும். 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று. ஆனால் முழு அதிகாரமும் வேண்டாம், அதில் அவர்களே ஒரு வசனத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். நியாயாதிபதிகளில் சில பகுதிகள் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாதவை, நீங்கள் முதலில் வாசித்துப் பார்க்காமல் அங்கே போகவேண்டாம்.

ஐந்து வயதுக்குக் கீழே புத்தகத்தைப் பார்த்து வாசிக்காமல் கதையாகச் சொல்லுங்கள். மதியமே ஒருமுறை வாசித்து வைத்துக்கொண்டால் இரவில் தடுமாற வேண்டியதில்லை.

செலவு என்று பார்த்தால் ஒரு வேதாகமம் போதும். பழைய திருப்புதல் என்கிற தமிழ் மொழிபெயர்ப்பின் நடை சிறு பிள்ளைகளுக்குக் கடினம்தான்; எளிய நடைப் பதிப்பு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இருக்கிறது. செயலிகள் இலவசம், ஆனாலும் குடும்ப ஜெபத்துக்கு அச்சுப் புத்தகமே எடுங்கள். கைப்பேசியில் வசனம் வாசித்துக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு செய்தி வந்து விழும், உங்கள் கண் அதன்மேல் போகும், பிள்ளை உங்கள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். படம் போட்ட பிள்ளைகள் வேதாகமம், பாட்டு சிடி, ஸ்டிக்கர் புத்தகம் எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதல் மூன்று மாதத்துக்கு எதுவும் வாங்காதீர்கள்.

வாசித்து முடித்ததும் பாடம் நடத்தாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இதில் உனக்கு எது ஆச்சரியமாக இருந்தது?" இது எல்லா வயதுக்கும் வேலை செய்கிறது. "இதிலிருந்து நீ என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால் "கீழ்ப்படியணும்" என்று தயார் பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

4. ஜெபத்தில் விழுகிற பெரிய பள்ளம்

கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைத் திட்டுவது. இதை நான் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். "ஆண்டவரே, இவன் சொன்ன பேச்சு கேட்பதில்லை, தங்கையை அடிக்கிறான், இவனுக்கு நல்ல புத்தி கொடும்." பிள்ளை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்க்கும், அப்புறம் தலையைக் குனிந்துகொள்ளும். ஆண்டவரிடம் பேசுவதுபோல் பிள்ளையிடம் பேசினால், ஜெபம் என்றாலே தன்மேல் புகார் வாசிக்கிற நேரம் என்று அது புரிந்துகொள்ளும். கண்டிக்க வேண்டியிருந்தால் கண்ணைத் திறந்துகொண்டு, ஜெபத்துக்கு வெளியே கண்டித்துவிடுங்கள். ஜெபத்தில் பிள்ளையின் பெயரைச் சொல்லி நன்றி மட்டும் சொல்லுங்கள்.

"இயேசப்பா பார்த்துக்கொண்டே இருக்கிறார், தப்பு செய்தால் அடிப்பார்" என்பதும் இதே வகைதான். அந்த நேரத்துக்கு வேலை நடக்கும், ஆனால் தப்பு செய்த நாளில் யாரிடம் ஓடிவர வேண்டுமோ அவரிடமிருந்தே பிள்ளை ஒளிந்துகொள்ளும்.

பிள்ளை தன் சொந்த வார்த்தையில் ஜெபிக்கட்டும். "பென்சில் காணாமப் போச்சு, கிடைக்கணும், ஆமென்" என்றால் அது முழு ஜெபம்தான், திருத்தாதீர்கள், நீட்டவும் சொல்லாதீர்கள். பேச வராத பிள்ளைக்குக் கர்த்தருடைய ஜெபத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுங்கள், வாரம் ஒரு வரி. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு ஜெபக் குறிப்புகளை எழுதி, பக்கத்தில் ஓர் ஓரத்தை வெறுமையாக விட்டுவையுங்கள், பதில் வந்த தேதியை அங்கே எழுதலாம். சில வெறுமையாகவே இருக்கும். அவற்றை அடிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

5. கடினமான கேள்வி வரும்போது

இந்தப் படிக்குத்தான் நான் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன், ஏனென்றால் பிள்ளைகளின் விசுவாசம் தளர்வதும் வேர்விடுவதும் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

எங்கள் மகனுக்கு ஏழு வயதிருக்கும்போது பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனது. தினமும் பாட்டி சுகமாக வேண்டும் என்று அவன்தான் முதலில் ஜெபிப்பான். பாட்டி இறந்து இரண்டு நாள் கழித்து, படுக்கையில் போர்வையை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டு கேட்டான்: "நாம கேட்டோம்ல, ஏன் கேக்கல?"

இந்த இடத்தில் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் மூன்று பதில்களைத் தவிருங்கள். "ஆண்டவருக்குப் பாட்டியை ரொம்பப் பிடித்துப்போனது, எடுத்துக்கொண்டார்" என்றால், அடுத்து அம்மாவையும் பிடித்துப்போய்விடுமோ என்று பிள்ளை பயப்படும். "தூங்கிவிட்டார்" என்றால் தூங்கவே பயப்படும். "நாம் இன்னும் விசுவாசத்தோடு ஜெபித்திருக்க வேண்டும்" என்பது எல்லாவற்றிலும் கொடியது, பாட்டியின் மரணத்தை ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிடுகிறது.

உண்மையைச் சின்ன வாக்கியங்களில் சொல்லுங்கள். பாட்டி இறந்துவிட்டார். ஏன் சுகமாகவில்லை என்று அம்மாவுக்கும் தெரியாது. எனக்கும் அழுகையாக வருகிறது. அப்புறம் யோவான் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து, இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் "இயேசு கண்ணீர் விட்டார்" என்று இருப்பதைக் காட்டுங்கள். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் அழுதார். அன்று இரவு நாங்கள் அதை மட்டும் வாசித்துவிட்டு விளக்கை அணைத்தோம். உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் பிறகு தானாகவே கேட்டான், அப்போது பேசினோம்.

13-ஆம் சங்கீதத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வசனம்தான். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று தாவீது நேருக்கு நேராகக் கேட்கிறார். ஆண்டவரிடம் வருத்தத்தையும் கோபத்தையும் சொல்லலாம் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி கேட்பதே அவிசுவாசம் என்று நினைத்து வாயை அடைக்காதீர்கள். பஸ்காவைக் குறித்துச் சொல்லும் யாத்திராகமம் 12-இல், உங்கள் பிள்ளைகள் இதன் கருத்து என்ன என்று கேட்பார்கள் என்றே வருகிறது. பன்னிரண்டு வயது இயேசுவைத் தேவாலயத்தில் கண்டுபிடித்தபோது அவர் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். பதில் தெரியாவிட்டால் "எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். ஆனால் ஒரு வாரத்துக்குள் கண்டிப்பாகக் கேட்டுவந்து சொல்லிவிடுங்கள். பிள்ளை மறக்காது.

6. சபையைத் தேர்ந்தெடுக்கும்போது

நல்ல பிரசங்கமா, நல்ல பாடல் குழுவா என்று மட்டும் பார்க்காதீர்கள். பிள்ளைகள் வகுப்பைப் பொறுப்பாளரிடம் நேரில் விசாரியுங்கள். வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இருவராவது இருப்பார்களா? வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடியுமா? பிள்ளையை யார் கூட்டிப்போகலாம் என்று எழுதி வைப்பார்களா? முகாமுக்குப் போனால் இரவில் எப்படித் தங்க வைக்கிறார்கள்? பிள்ளைப் பாதுகாப்புக்கென்று எழுத்தில் விதிமுறை இருக்கிறதா? இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

வகுப்பு இருந்தாலும் ஆராதனையில் குறைந்தது ஒரு பகுதியாவது பிள்ளைகள் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் பாடுவதையும் முழங்கால் போடுவதையும் அவர்கள் பார்ப்பது அங்கேதான்.

7. ஞானஸ்நானமும் தாள்களும்

சபைக்குச் சபை முறை வேறு. கத்தோலிக்க, லூத்தரன், ஆங்கிலிக்கன் போன்ற சபைகளில் குழந்தைக்கே ஞானஸ்நானம் உண்டு. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தையைப் பிரதிஷ்டை செய்வார்கள் (ஜெபித்துக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுப்பது), ஞானஸ்நானம் பிள்ளை வளர்ந்து தானே விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகுதான். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது: பிரதிஷ்டைக்குக் கொடுக்கும் சான்றிதழ் ஞானஸ்நானச் சான்றிதழ் ஆகாது. பின்னால் வேறொரு சபையில் கேட்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

பொதுவாகக் கேட்கும் தாள்கள்: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் ஞானஸ்நான மற்றும் திருமணச் சான்றிதழ்கள், ஞானப்பெற்றோரின் விவரம். கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானப்பெற்றோர் பொதுவாக 16 வயது நிரம்பியவராக, உறுதிபூசுதல் (மற்ற சபைகளில் திடப்படுத்தல் என்பார்கள்) பெற்றவராக இருக்க வேண்டும். பிள்ளையின் சொந்தத் தாய் தகப்பன் ஞானப்பெற்றோர் ஆக முடியாது. பெற்றோருக்கு ஆயத்த வகுப்பு இருக்கும், அதனால் நீங்கள் நினைத்த தேதிக்கு ஓரிரு மாதம் முன்பே போய்ப் பேசுங்கள். பிள்ளைக்கு ஏழு வயது கடந்துவிட்டால் அங்கே குழந்தைக்கான முறை பொருந்தாது, பிள்ளையே மறைக்கல்வி கற்று ஆயத்தமாக வேண்டும், காலம் இன்னும் கூடும்.

பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் பெயரை எழுத்தெழுத்தாகப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். எங்கள் பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து மாறி ஏறிவிட்டது, அதைத் திருத்தி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சபையின் பெயர், தேதி, பதிவேட்டு எண், பக்க எண் நான்கையும் தனியாக எழுதி வையுங்கள், ஏனென்றால் நகல் தேவைப்பட்டால் ஞானஸ்நானம் நடந்த சபையில்தான் வாங்க முடியும், இப்போது நீங்கள் போகும் சபையில் கிடைக்காது. கத்தோலிக்கர்களிடம் திருமணத்தின்போது பழைய நகலை ஏற்காமல் புதிதாக எடுத்துவரச் சொல்வார்கள். உறுதிபூசுதல், திருமணம் எல்லாம் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்படுவதால் அப்படி.

செலவைப் பற்றிக் கூச்சப்படாமல் முன்பே கேட்டுவிடுங்கள். காணிக்கை வழக்கம் உண்டு, ஆனால் வசதி இல்லை என்பதற்காக யாருக்கும் ஞானஸ்நானம் போன்ற திருவருட்சாதனம் கிடைக்காமல் போகக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. உண்மையில் பணத்தைக் கரைப்பது விருந்தும் உடையும் புகைப்படமும்தான். கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால் விருந்தை விட்டுவிடுங்கள், தேதியைத் தள்ளாதீர்கள்.

8. வீட்டில் மன்னிப்பு

இது சின்னப் படி, ஆனால் தவறவிடக் கூடாதது. காலையில் அநியாயமாகக் கத்தியிருந்தால் இரவு ஜெபத்துக்கு முன் பிள்ளையிடம் நேராக மன்னிப்புக் கேளுங்கள். "நீ அப்படிச் செய்ததால்தான்" என்று பின்னால் ஒட்டு எதுவும் வேண்டாம். பெற்றோர் மன்னிப்புக் கேட்டுப் பார்த்த பிள்ளைக்கு, எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும் என்ற வரியை விளக்கவே தேவையில்லை.

9. வாலிப வயது

பதின்மூன்று, பதினான்கில் பிள்ளை குடும்ப ஜெபத்தில் வாய் திறக்காமல் உட்காரும். சில வீடுகளில் சபைக்கே வரமாட்டேன் என்று நிற்கும். பயந்துபோய்ப் பிடியை இறுக்குவதுதான் நமக்கு முதலில் தோன்றும். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3-இல் இருப்பது இந்த வயதுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். வீட்டு ஜெபத்தில் உட்கார்ந்தால் போதும், பேசவோ ஜெபிக்கவோ கட்டாயமில்லை என்று சொல்லிவிடுங்கள். ஞாயிறு ஆராதனை குடும்ப வழக்கமாகத் தொடரட்டும், ஆனால் வாலிபர் கூட்டம், முகாம் இதெல்லாம் அவர்கள் விருப்பம். திடப்படுத்தலுக்கோ ஞானஸ்நானத்துக்கோ நண்பர்கள் எல்லாரும் பெயர் கொடுக்கிறார்கள் என்பதற்காகப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள், ஒரு வருடம் கழித்துக்கூட எடுக்கலாம்.

உங்களைத் தவிர இன்னும் ஒரு விசுவாசியாவது, அத்தையோ மாமாவோ சபையில் நீங்கள் நம்புகிற ஒருவரோ, அந்தப் பிள்ளையோடு இயல்பாகப் பேசுகிறவராக இருக்கட்டும். இந்த வயதில் நம்மிடம் கேட்க முடியாததை அவர்களிடம் கேட்பார்கள். அவர் வந்து உங்களிடம் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆபத்து என்றால் மட்டும் சொன்னால் போதும்.

வாரத்தில் ஒருநாள் அவர்கள் அறைக்குப் போய் "உனக்காக எதைக் குறித்து ஜெபிக்கட்டும்?" என்று கேளுங்கள். "ஒண்ணும் இல்ல" என்றால் சரி என்று வந்துவிடுங்கள், நின்று பிரசங்கம் செய்யாதீர்கள். அடுத்த வாரமும் போய்க் கேளுங்கள்.